குன்னாங்காட்டுக்குச் சொல்லாத ஓட்டு

சுகன்யாவை ஆறு கொண்டுபோனது கார்த்திகை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழே முக்கால் மணிக்கு. தாரணி அதைக் கண்ணால் பார்த்தாள்.

ஓடைமேட்டூரில் ஆற்றுக்குத் தெற்கே இருப்பது குன்னாங்காடு. பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கும் முந்நூறு வீடுகள். கம்பெனி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாமே வடகரையில். நடுவில் ஒரு தரைப்பாலம். மேற்கே மலையில் மழை பெய்தால் அது தண்ணீருக்குள் போய்விடும். அன்றும் போயிருந்தது. எட்டு மணிக்குக் கம்பெனி கேட்டைச் சாத்திவிடுவார்கள். கணுக்கால் அளவுதான் என்று நினைத்து சுகன்யா ஸ்கூட்டரை இறக்கினாள். பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த தாரணி, "வேண்டாம்டி, சுத்திப் போயிக்கலாம்" என்று கத்தினாள். தண்ணீர் இரைச்சலில் அது கேட்டிருக்காது. பாதிப் பாலத்தில் வண்டி சாய்ந்தது. அவள் எழ முயன்றதும், கை ஒருமுறை உயர்ந்ததும், பிறகு பழுப்புத் தண்ணீர் மட்டும் ஓடியதும் தாரணிக்கு நினைவிருக்கிறது. இரண்டாம் நாள் ஆறு கிலோமீட்டர் தள்ளித் தடுப்பணையில் கிடைத்தாள்.

இருவரும் துணியில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் ஒரே மேசையில் இருபது வருஷம் எதிரெதிரே நின்று வேலை பார்த்தவர்கள். தாரணியின் தம்பி கிருபாகரன் செய்தி கேட்டுக் கோயமுத்தூரிலிருந்து ஓடிவந்தான். சுகன்யாவின் புருஷன் மௌலி நிற்கவே முடியாமல் தள்ளாட, பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவன் கிருபாதான். சின்ன வயதில் அக்கா கூடுதல் ஷிப்டுக்கு நின்ற நாட்களில் அவனுக்குச் சோறு போட்டவள் சுகன்யா. அவன் அழுததைப் பார்த்துத் தெருவே அழுதது.

மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்க உமாமகேஸ்வரி டீச்சர் வந்தார். சுகன்யாவின் மகளுக்குப் பாடம் எடுத்தவர். ஓய்வு பெற்று வடகரையில் லட்சுமி கார்டனில் இருக்கிறார். கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டும்போது தாரணியிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதம்மா. ஆவணியில ஓட்டு வெச்சப்ப உங்க பக்கத்துல இருந்து ஏன் யாருமே போடல?"

"என்ன ஓட்டுங்க டீச்சர்?"

"மேம்பாலம் எங்க கட்டறதுன்னு. ஒரு பாலத்துக்குத்தான் அனுமதி வந்திருக்கு. இங்க கட்டறதா, லட்சுமி கார்டன்ல இருந்து பைபாஸுக்குக் கட்டறதான்னு ஓட்டு வெச்சாங்களே. ஒரு மாசமா அதே பேச்சுதானே?"

தாரணி இப்போதுதான் முதல் தடவையாக அதைக் கேள்விப்படுகிறாள்.

"நான் எங்க பக்கத்துக்குத்தான் போட்டேன்" என்றார் டீச்சர். "உங்களுக்கு வேண்டாமாட்ட இருக்குன்னு நெனைச்சுட்டேன். வேணும்னா வந்து போட்டிருப்பாங்கல்லன்னு..."

ஓடைமேட்டூருக்குப் பேப்பர் வருவது நின்று ஏழு வருஷம் ஆகிவிட்டது. நகராட்சி அறிவிப்புப் பலகைகளையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஓட்டுரிமை உள்ள எல்லோருக்கும் இலவசமாக ஒரு செவிமடல் கொடுத்திருந்தார்கள். கம்மல் அளவுதான் இருக்கும். காது மடலில் மாட்டிக்கொண்டால் சமைக்கும்போதும் துவைக்கும்போதும் செய்தி சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்டது போதும் என்றால் "போதும்" என்று சொன்னால் நிறுத்திவிடும். ஊர்க் காரியங்களுக்கு ஓட்டு வரும்போதும் அதுவே கேட்கும். வாயால் பதில் சொன்னால் பதிவாகிவிடும். குன்னாங்காட்டில் வீடு வீடாகப் போய் எல்லோருக்கும் மாட்டிவிட்டது கிருபாதான். செவிமடல் கம்பெனியில் அவன் வேலைக்குச் சேர்ந்த புதிது. தம்பி கொண்டுவந்த சாமான் என்று தாரணிக்கு அன்றைக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

டீச்சர் தன் மடலைக் கழற்றித் தாரணியின் காதில் மாட்டினார்.

அது வேறு ஊரைப் பேசியது. நகராட்சிக் கூட்டம் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு என்றது. பாலத்துக்கான மண் பரிசோதனை முடிந்துவிட்டது, ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றது. அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்றுகூடச் சொன்னது. பிறகு, தரைப்பாலத்தில் பெண் பலி, ஆணையர் வருத்தம் என்றது. தாரணி தன் மடலை மறு காதில் மாட்டினாள். நடிகையின் கல்யாணப் புடவை, தங்க விலை, தனுசு ராசிக்காரர்களுக்கு இன்று வீண் அலைச்சல். சுகன்யாவின் பெயர் அதில் வரவே இல்லை. அவள் செத்துப்போனது அவளுடைய தெருவில் ஒரு காதுக்கும் செய்தியாக வரவில்லை.

மறுநாள் நகராட்சி அலுவலகத்தில், ஓட்டுப் பிரிவு எழுத்தர் ஜாபர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"லட்சுமி கார்டன் பக்கம் தொள்ளாயிரத்துப் பதினாலு. குன்னாங்காட்டுக்குப் பதினொண்ணுங்க."

"எங்களுக்கு யாரும் சொல்லலீங்க."

"செவிமடல்ல மூணு தடவை அறிவிப்புக் குடுத்திருக்குங்க. சட்டப்படி அது போதும். யாருக்குச் சொல்லோணும், யாருக்கு வேண்டாம்ங்கறது அந்தக் கம்பெனி பாத்துக்கற வேலை. எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா."

தாரணி அங்கிருந்தே கோயமுத்தூர் பஸ் ஏறினாள்.

செவிமடல் அலுவலகம் ஏழாவது மாடியில். கிருபா அவளைக் கேன்டீனுக்கு அழைத்துப்போய்க் காபி வாங்கி வைத்தான். அவள் தொடவில்லை. டீச்சர் மடலில் கேட்டதையும் தன் மடலில் கேட்டதையும் சொன்னாள்.

"எல்லாருக்கும் எல்லாத்தையும் சொன்னா யாரும் கேக்கறதில்லீக்கா" என்றான் அவன். "யாரு எதைக் கடைசி வரைக்கும் கேக்கறாங்க, கேட்டுட்டு எந்திரிச்சுப் போறாங்களான்னு மெஷின் பாக்கும். கூட்டம்னு சொன்னா போறவங்க, மனுன்னு சொன்னா எழுதறவங்க, அவங்களுக்கு அதையே நெறையச் சொல்லும். போகாதவங்களுக்குக் கொறைச்சுக்கும். வேணாம்ங்கறதை ஏன் காதுல திணிக்கோணும்?"

"நாங்க வேணாம்னு எப்படா சொன்னோம்?"

"சொல்ல வேண்டியதில்ல. குன்னாங்காட்டுக்கு நகராட்சிச் செய்தி போட்டா நூத்துக்குத் தொண்ணூத்தாறு பேர் கேக்கறதேயில்ல. கணக்கு அப்படித்தான் இருக்கு."

"எத்தனை மணிக்குப் போடுவீங்க?"

அவன் யோசித்தான். "பதினோரு மணி. ஆபீஸ் செய்தியெல்லாம் அப்பத்தான் வரும்."

"பதினோரு மணிக்கு என்ற மடல் எங்க இருக்கும், தெரியுமா? கேட்டுல ஒரு டப்பா வெச்சிருக்காங்க. எட்டு மணிக்கு உள்ள போறப்ப எல்லாரும் அதைக் கழட்டி டப்பாவுல போட்டுட்டுத்தான் போவோணும். ராத்திரி எட்டு மணிக்குத்தான் கையில கெடைக்கும். முந்நூறு வீட்டு மடலும் டப்பாவுக்குள்ள பேசிட்டுக் கெடந்தா யாருடா கேப்பாங்க? நீ வளந்த தெரு தானே? இது உனக்குத் தெரியாதா?"

கிருபா தலை குனிந்தான். தெரிந்துதான் இருந்தது என்பதை அந்தக் குனிவிலேயே அவள் புரிந்துகொண்டாள். ஆனால் அவளுக்கு வேறொன்று உறுத்தியது.

"சரி, அவங்கெல்லாம் கேக்கல. நான் கேப்பனே கிருபா. காலைல அஞ்சு மணிக்கு அடுப்பைப் பத்த வெச்சா முந்தின நாள் செய்தி எல்லாத்தையும் மறுபடி சொல்லச் சொல்லி ஒண்ணு விடாம கேப்பேன். சாயக்கழிவு கருத்துக்கேட்புக் கூட்டத்தை நான்தானே கேட்டுட்டு வந்து தெருவுல சொன்னேன்? நாப்பது பொம்பளைங்க போனோம். எனக்கு ஏன் வரல?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள்.

"எனக்கு ஏன்டா வரல?"

"நீ கேக்கறேங்கறதாலதான் வரல" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. அவன் மேசையைப் பார்த்தபடியே பேசினான். அந்தச் சாயக்கழிவுக் கூட்டம் முடிந்ததும் சில பெரிய கம்பெனிக்காரர்கள் செவிமடல் அலுவலகத்துக்கு வந்தார்களாம். தெற்குக்கரையிலிருந்து ஒருபோதும் வராத கூட்டம் எப்படி வந்தது என்று கேட்டார்களாம். தேடிப் பார்த்ததில் ஒரே ஒரு மடல்தான் அந்தச் செய்தியைக் கடைசி வரை கேட்டிருந்தது.

"குன்னாங்காட்டுக்கே நீ ஒருத்திதான்க்கா பேப்பர் மாதிரி. உனக்குச் சொன்னா நாப்பது பேருக்குச் சொன்ன மாதிரி. உனக்குச் சொல்லாட்டி யாருக்குமே சொல்லாத மாதிரி. எங்க மேலதிகாரிங்க அந்த மடலை அமைதிப் பட்டியல்ல, அதாவது ஊர்க்காரியம் எதையும் சொல்லக்கூடாதவங்க பட்டியல்ல, போடச் சொன்னாங்க. யாரோட மடல்னு அவங்களுக்குத் தெரியாது, வெறும் நம்பர்தான். எனக்குத் தெரியும். நான் முடியாதுன்னா வேற யாராச்சும் தோண்டி உன்ற பேரைக் கண்டுபுடிச்சிருப்பாங்க. உன்ற கம்பெனியில அன்னிக்கே உன்னைய வெளிய அனுப்பியிருப்பாங்க. அதான் நானே போட்டேன். உனக்காகத்தான்க்கா."

"ரெண்டு வருஷமாவா?"

"ம்."

"பாலத்து ஓட்டு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றான்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணா நீ சும்மா இருக்க மாட்டியே."

தாரணி எழுந்தாள். அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது, கை வரவில்லை. "அவ பாடையத் தூக்குனியேடா" என்று மட்டும் சொன்னாள். படியிறங்கும்போது பின்னாலேயே ஓடிவந்து, "நான் சரி பண்ணிர்றேன்க்கா, எல்லாத்தையும் சரி பண்ணிர்றேன்" என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தது காதில் விழுந்தது. அவள் திரும்பவில்லை.

ஊருக்கு வந்து மனு எழுதினாள். கம்பெனி டப்பா, பதினோரு மணி, வராத அறிவிப்பு எல்லாவற்றையும் எழுதினாள். தம்பி பெயரையும், தன் மடலுக்கு நடந்ததையும் எழுதவில்லை. அதை எழுத உட்கார்ந்தபோதெல்லாம் சுகன்யா கையால் சோறு வாங்கித் தின்ற எட்டு வயதுப் பையன்தான் முன்னால் வந்து நின்றான். மௌலியிடமும் சொல்லவில்லை. முந்நூற்று எழுபது கையெழுத்தோடு மனு ஆணையரிடம் போனது. சாவு நடந்திருந்ததால் அதைத் தள்ளிவைக்க அவரால் முடியவில்லை. தை மாதம் மறு ஓட்டு என்று உத்தரவானது.

இந்த முறை குன்னாங்காட்டின் எல்லாக் காதுகளிலும் செய்தி வந்தது. காலை ஐந்தரைக்கு ஒருமுறை, இரவு எட்டேகாலுக்கு ஒருமுறை. கிருபா சொன்னபடி சரி பண்ணிவிட்டான் என்று தாரணி நினைத்தாள். அவன்மேல் இருந்த கசப்பு போகவில்லை, ஆனாலும் மூச்சுவிட முடிந்தது. அவளும் மௌலியும் வீடு வீடாகப் போனார்கள். ஓட்டு நாளன்று இரவு முடிவு வந்தது. குன்னாங்காட்டுக்கு அறுநூற்று எண்பத்தெட்டு. லட்சுமி கார்டனுக்கு நாற்பத்தொன்று.

தெருவில் பட்டாசு வெடித்தார்கள். மௌலி சுகன்யா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து குழந்தைபோல அழுதான்.

"அந்தப் பக்கம் ஏன் இத்தனை கம்மி?" என்று தாரணி கேட்டாள்.

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்குமில்லக்கா" என்றான் மௌலி. "உசுரு போனதப் பாத்தப்பறமும் எங்களுக்குத்தான் வேணும்னு சொல்லுவாங்களா?"

அவளும் அப்படித்தான் நம்பினாள்.

நான்கு நாள் கழித்து, உழவர் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த உமாமகேஸ்வரி டீச்சர் அவளைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மறு ஓட்டு எப்பம்மா வெக்கறாங்க? இந்தத் தடவை உங்களுக்குத்தான் போடப்போறேன். எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். மடலு ஒரு மாசமா கோலமும் சமையலுமாத்தான் சொல்லிட்டு இருக்கு. ரிப்பேரோ என்னமோ."

தாரணி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

சந்தைக்கு வெளியே நின்று தம்பிக்குப் போன் பண்ணினாள்.

"லட்சுமி கார்டனை என்ன பண்ணினே?"

"உங்களுக்குப் பண்ணதைத்தான்க்கா." குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. "பெரிய ஆளுங்க, அவங்களுக்கு ஒரு மாசம் கேக்காம இருந்தா ஒண்ணும் ஆகாது. நேர்மையா வெச்சிருந்தா நீங்க தோத்திருப்பீங்க. அவங்க ஓட்டு அதிகம். பாலம் வந்துச்சில்ல? சுகன்யாக்காவுக்கு என்னால முடிஞ்சது அதுதான்." பிறகு மெதுவாக, "உனக்காகத்தான்" என்றான்.

அவள் போனை வைத்தாள். டீச்சர் குன்னாங்காட்டுக்குத்தான் ஓட்டுப் போட இருந்தார். இன்னும் எத்தனை பேர் அப்படி இருந்தார்களோ, இனி யாராலும் சொல்ல முடியாது. ஜெயித்திருப்பார்களா, தோற்றிருப்பார்களா என்று தெரிந்துகொள்ளும் வழியையே அவன் அடைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் மௌலியிடம் முழுவதையும் சொன்னாள். தம்பி, அமைதிப் பட்டியல், தன் மடல், இப்போது லட்சுமி கார்டன். அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்ப என்ற பொண்டாட்டி சாகறதுக்கு உன்ற தம்பிதான் காரணம். அது உனக்குக் கார்த்திகையிலயே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுட்டு என்ற கூட வீடு வீடா வந்தே."

"ஆமா."

"சரி. போனது போச்சு. இப்ப அந்த ஓட்டப் பத்தி வெளிய ஒரு வார்த்தை பேசாதே. பாலம் வரட்டும்."

"டீச்சருக்கும் சொல்லாமத்தானே வாங்கியிருக்கோம் மௌலி."

"ரெண்டு வருஷம் நமக்குச் சொல்லலியே! அந்தப் பக்கத்துல எவனாச்சும் எங்க மேல தப்புன்னு மனு குடுத்தானா? ஒருத்தன் வந்தானா?" அவன் எழுந்து நின்றான். "அடுத்த மழையில எவளாச்சும் போனா அந்தப் பாவம் உன்ற தலையிலதான்."

அது உண்மையாகக்கூட இருக்கலாம் என்று நினைத்தபடியே வீட்டுக்கு நடந்தாள்.

மூன்று நாள் கம்பெனிக்குப் போகாமல் கிடந்தாள். நான்காம் நாள் இரண்டாவது மனுவை எழுதினாள். இதில் ஒரே கையெழுத்துதான் இருந்தது. தம்பியின் பெயர், அவன் செய்த இரண்டு காரியங்கள், அவை தனக்குத் தெரியவந்த தேதி, முதல் மனுவில் தான் மறைத்தது, எல்லாம் இருந்தன. எழுத்தர் ஜாபர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதை வாங்கிட்டா ஓட்டு ரத்தாயிருங்கம்மா. உங்க தம்பி மேல கேஸும் வரும். நல்லா யோசிச்சீங்களா?"

"முத்திரை போட்டு நகல் குடுங்க" என்றாள் தாரணி.

ஓட்டு ரத்தானது. கிருபாவை வேலையை விட்டு நீக்கினார்கள். ஆணையிட்ட மேலதிகாரிகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விசாரணைக்கு ஓடைமேட்டூர் வந்த கிருபா அக்கா வீட்டுக்கு வரவில்லை. போனில் ஒரே ஒரு தடவை பேசினான். "எல்லாரும் என்னையக் காட்டிக்குடுப்பாங்கன்னு நெனைச்சேன். நீ பண்ணுவேன்னு நெனைக்கல" என்றான். தாயில்லாத பிள்ளையை வளர்த்தவளுக்கு அதற்குப் பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தெருவில் யாரும் அவளோடு பேசுவதில்லை. குழாயடியில் அவள் போனால் குடங்கள் நகர்ந்து வழிவிட்டன, பேச்சு நின்றது.

மூன்றாவது ஓட்டைச் செவிமடல் வழியாக வைக்கக்கூடாது, பள்ளிக்கூடத்தில் சீட்டுப் போட்டு வைக்க வேண்டும் என்று ஆணையர் உத்தரவிட்டார். எப்படி அறிவிப்பது என்று உத்தரவில் இல்லை. பலகை இல்லை, பேப்பர் இல்லை, மடலை இரண்டு கரையிலும் யாரும் நம்புவதில்லை.

ஓட்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை வீடு வீடாகப் போய்ச் சொல்லத் தாரணி கிளம்பினாள். வடகரையில் டீச்சர் நடந்துகொண்டிருந்தார். தென்கரையில் அவள். முதல் ஆறு வீட்டில் நின்று கேட்டுக்கொண்டார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். ஏழாவது மௌலியின் வீடு. ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தவன் எழுந்து வந்து கதவைச் சாத்தினான். உள்ளே தாழ் விழுந்த சத்தம் கேட்டது.

தாரணி கதவுக்கு அருகில் போய் நின்றாள்.

"வர்ற ஞாயித்துக்கெழமை, மௌலி. காலைல ஏழு மணியில இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். வடகரைப் பள்ளிக்கூடத்துல, ரெண்டாவது ரூம்பு. ஆதார் கொண்டு வரோணும்."

இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கச் சொன்னாள். பிறகு எட்டாவது வீட்டுக்கு நடந்தாள்.